பரணில் கிடக்கும் துப்பாக்கி

2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே வீரப்பனும் கூட்டாளிகள் மூவரும் அதிரடிப்படையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அத்தோடு இந்தப் பக்கத்தில் துப்பாக்கிப் பேச்சு ஓய்ந்தது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். ஓயவில்லை. தருமபுரி மாவட்டத்தின் காட்டோர ஊர்களில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் பிடிபட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. தாமாகக் கொண்டுவந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று அதிகாரிகள் அவ்வப்போது அறிவிக்கிறார்கள். சில வந்து சேர்கின்றன.

சட்டத்தில் கடுமைக்குக் குறைவில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை 2019இல் திருத்தி, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். கள்ளத்தனமாகச் செய்பவருக்கு ஆயுள் தண்டனைவரை உண்டு. தேர்தல் அறிவித்தால் உரிமக்காரர் தன் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறார். உரிமம் இல்லாதது பரணிலேயே கிடக்கிறது.

அப்படியானால் சட்டமே வீண், கேட்பவருக்கெல்லாம் உரிமம் கொடுங்கள் என்ற வாதம் அமெரிக்காவில் மட்டுமல்ல, இங்கும் எழுகிறது. நமக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. 2012 நவம்பரில் இதே மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகளைச் சாதிவெறிக் கூட்டம் கொளுத்தியது. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் பாழாயின. அந்தக் கூட்டத்தின் கைகளில் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உரிமம் அரிதாக இருப்பது உயிர்களைக் காக்கிறது. அதைத் தளர்த்தவே கூடாது.

ஆனால் பரணில் இருப்பது பெரும்பாலும் மனிதரைச் சுட வைத்திருப்பதல்ல. நிலக்கடலையையும் மரவள்ளியையும் ஒரே இரவில் உழுதுபோட்டுப் போகும் காட்டுப்பன்றிக்காக வைத்திருப்பது. அதை வாங்கிக்கொண்டு சும்மா அனுப்பினால் அந்த இடத்துக்கு மின்வேலி வரும். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் அப்படித்தான் செத்தன.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடலாம். ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் பிடித்துக் காட்டில் விடலாம். முதல் கிலோமீட்டரில் இரண்டும் கூடாது. காட்டுயிர் நோக்கில் இந்த வரம்பு நியாயமானதே. ஆனால் காட்டை ஒட்டி உழுகிறவர் நிலம் அந்த முதல் கிலோமீட்டரில்தான் இருக்கிறது. அங்கே பயிர் போனால் அறுவடைக்கு முன்பே முழு இழப்பீடு கைக்கு வர வேண்டும். இரவுக் காவலுக்கு வனத்துறை ஆள் தர வேண்டும். அடுத்த முறை துப்பாக்கியைக் கேட்டு ஊருக்குள் வரும் அதிகாரிகள் இந்த இரண்டுக்குமான உத்தரவைக் கையோடு கொண்டுவரட்டும்.