இராவணேசனுக்கு எந்த இல்லம்?

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் பேராதனையில் மேடையேற்றிய ‘இராவணேசன்’ வடமோடிக் கூத்தின் நாயகனை, ஜே. கே. ரௌலிங் நாவல்களில் வரும் ஹொக்வாட்ஸ் பள்ளியின் நான்கு இல்லங்களுள் எதிற் சேர்ப்பது? விடுதியில் இவ்வினா எழுந்தபோது பலரும் தயக்கமின்றி ‘சிலிதரின்’ என்றனர். உயர்வு வேட்கையும் தந்திரமும் உடையோர்க்குரிய இல்லம் அது. இராவணனோ பேராசைக்காரன்; வழக்கு முடிந்ததாம்!

இத்தீர்ப்பை யாம் ஏற்கோம். வாய்ப்புக் கிடைக்கையில் தம் உயிரைக் காத்துக்கொள்வதே சிலிதரினார் இயல்பு என்று, அவ்வில்லத்தவரான முன்னாள் அதிபர் ஒருவரின் ஓவியமே 2003இல் வெளிவந்த ஐந்தாம் நாவலில் உரைக்கிறது. இராவணனுக்கு அவ்வாய்ப்பு இல்லாமலா போயிற்று? கம்பன் காவியத்தில், முதற்போரிற் படைக்கலம் இழந்து நின்றவனை இராமன் உயிரோடு விடுத்தான். சீதையை அன்றே அனுப்பியிருப்பின் மைந்தரும் இலங்கையும் எஞ்சியிருப்பர். அவன் அனுப்பவில்லை, சாவை அறிந்தே மீண்டும் களம் புகுந்தான். கூத்து அவனை அவல நாயகனாக்கியதும் இதனாலன்றோ? பிறன் மனைவியைக் கவர்ந்த குற்றத்தை யாம் மறைக்கவில்லை. ஆயின் நண்பரைக் காட்டிக்கொடுத்த பெட்டிகுரூவும் வீரர்க்குரிய கிரிபிண்டோர் இல்லத்தவனே! சிலிதரினில் ஓரிடம் நிரப்பியே தீரவேண்டுமெனின், தக்க காலத்திற் பக்கம் மாறிய வீடணன் இருக்கிறான். (இராமபக்தர் பொறுத்தருள்க.)

பண்டாரவளையை அடுத்த எல்லவில் அருவியும் குகையும் இராவணன் பெயரைத் தாங்கி நிற்கின்றன. சுற்றியுள்ள தோட்டங்களின் லயங்களிலிருந்து பல்கலைக்கழகம் புக எண்ணும் பிள்ளையையும் ‘பேராசை’ என்னும் அதே சொல்லாலேயே அடக்குவார் உளர். ஹரி பொட்டருக்குச் சிலிதரினையே முதலில் எண்ணிய தொப்பி, அவன் வேண்டாமென்றதும் செவிசாய்த்தது. நம் விடுதி நீதிபதிகளுக்கு அத்தொப்பியின் பொறுமையேனும் வேண்டாமா?