கைராசி யார் குடுத்தது?

‘அந்த டாக்டரம்மாவுக்குக் கைராசி’ என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அவர் கத்தி வச்சா தாயும் பிள்ளையும் பிழைக்கும் என்று அர்த்தம். நான் சேரியிலிருந்து போய் மகப்பேறு மருத்துவம் படித்தவள். படிச்சு முடிச்சு வந்து சொல்றேன்: கைராசின்னு ஒரு மண்ணும் கிடையாது. எத்தனை கேஸ் கைக்கு வந்துச்சு, அவ்வளவுதான். அந்தக் கேஸை யாருக்குக் குடுத்தாங்க, யாருக்குக் குடுக்கல என்று கேட்டால் சாதி வெளியே வந்துவிடும்.

பட்டம் வாங்கியும் தனியாக சிசேரியன் பண்ணப் பயப்படுகிறார்கள், பி.ஜி. மாணவர்களுக்குத் தன்னம்பிக்கை போதவில்லை என்று பெரிய டாக்டர்கள் கவலைப்படுகிறார்கள். ஆளுமைப் பயிற்சி குடுக்கணுமாம். என்னத்த ஆளுமை? படிப்பு மூணு வருஷம். முதலில் ரிட்ராக்டர் பிடிக்கணும், பிறகு அசிஸ்ட் பண்ணணும், அப்புறம் சீனியர் எதிரே நிற்க நாமே வெட்டணும். மூத்திரப்பையைக் கீழே ஒதுக்கி, கர்ப்பப்பையின் அடிப்பகுதியைத் திறந்து, பிள்ளையின் தலைக்கு அடியில் கையை விட்டுத் தூக்குற அந்த ஒரு நிமிஷம் எந்தப் புத்தகத்திலும் வராது. தலை இடுப்புக்குள் இறுகிப்போய் மாட்டியிருந்தால் எப்படி எடுப்பது, பிள்ளை வந்த பிறகு கர்ப்பப்பை சுருங்காமல் ரத்தம் ஊத்தும்போது எங்கே அமுக்குவது, எந்த நேரத்தில் மருந்தை நம்புவதை விட்டுவிட்டுத் தையலுக்குப் போவது, இதெல்லாம் கை தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம். பக்கத்தில் ஒருத்தர் நின்னு ‘பயப்படாத, நான் இருக்கேன், போடு’ என்று சொல்லணும்.

எனக்குச் சொன்னது வேற. ‘நீ கேஸ் ஷீட் எழுது.’ ‘நீ போய் ரத்தம் வாங்கிட்டு வா.’ ‘கோட்டாவுல வந்தவ, ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?’ ராத்திரி முழுக்க லேபர் வார்டில் வலியில் கத்துற பொம்பளைங்க வயித்துல கை வச்சு வலியை எண்ணினது நான். சிசேரியன்னு முடிவானதும் கையுறை மாட்டினது வேறொருத்தி. அவளுக்கு அப்பாவும் டாக்டர், அம்மாவும் டாக்டர், சொந்த ஊரில் நர்சிங் ஹோம். விடியறதுக்குள்ள அவளுக்கு ரெண்டு கேஸ். ‘அவளுக்கு நல்ல கை’ என்று வார்டு முழுக்கப் பேச்சு. மாசக்கணக்கா காத்திருந்த பிறகு எனக்குக் கத்தி வந்தது. புதுசாப் பிடிக்கிற கை மெதுவாத்தானே போகும்? உடனே, ‘பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல.’ ஊர்க் கிணத்துல இறங்க விடாதவங்களே, இதுகளுக்கு நீந்தத் தெரியலன்னு சிரிச்ச கதைதான்.

இது என் ஒருத்தியோட புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. 2019 மே மாதம் மும்பை நாயர் ஆஸ்பத்திரியில் மகப்பேறு மருத்துவம் இரண்டாம் ஆண்டு படித்த பாயல் தட்வி உயிரை மாய்த்துக்கொண்டார். பழங்குடிப் பெண். சாதியைச் சொல்லிக் கேவலப்படுத்தினார்கள், தியேட்டருக்குள் விடமாட்டோம், பிரசவம் பார்க்க விடமாட்டோம் என்று மிரட்டினார்கள் என்று அவர் குடும்பம் புகார் சொன்னது. மூன்று சீனியர் டாக்டர்கள் மேல் வழக்குப் போடப்பட்டது. அந்த மிரட்டல் எவ்வளவு பெரியது என்று வெளியாளுக்குப் புரியாது. ஒரு ஓ.ஜி. மாணவிக்குப் பிரசவம் இல்லைன்னா படிப்பே இல்லை. டில்லி எய்ம்ஸ் பற்றி 2007-இல் வந்த தொராட் குழு அறிக்கையிலும் வாய்மொழித் தேர்வு, செய்முறைத் தேர்வு, விடுதி என்று பல இடங்களில் நம் பிள்ளைகள் பாகுபாட்டைச் சொல்லியிருக்கிறார்கள். கேட்ட காது எத்தனை?

தகுதி, திறமை என்று ஆரம்பிப்பார்கள். பிள்ளைப்பேறு தீட்டாக இருந்தவரைக்கும் தொப்புள்கொடி அறுத்தது யாரு? இங்கே மருத்துவச்சி. வடக்கே பல ஊர்களில் தலித் கிழவிகள். அப்போ அந்தக் கையில் தகுதி இருக்கான்னு ஒருத்தரும் கேக்கல. அது பட்டமாகி, நர்சிங் ஹோமாகி, காசாகின பிறகுதான் கேள்வி வருது.

இன்னொரு பக்கத்தையும் பேசணும். எல்லார் கையும் பழகுவது யார் உடம்பில்? தனியாருக்குப் போகக் காசில்லாமல் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு வரும் நம்ம பொம்பளைங்க உடம்பில். ஒருத்தியையே நாலு பேர் மாத்தி மாத்திக் கை விட்டுப் பரிசோதிப்பார்கள், ஒரு வார்த்தை கேக்காம. வலியில் கத்தினால் வசவு. இந்தத் துறையின் பிறப்பே அப்படித்தான். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் 1845-லிருந்து 1849 வரை மரியான் சிம்ஸ் என்கிற டாக்டர் கறுப்பு அடிமைப் பெண்கள் மேல், மயக்க மருந்து குடுக்காமல், அறுத்து அறுத்துப் பழகினார். அனார்க்கா என்ற பெண்ணுக்கு மட்டும் சுமார் 30 ஆபரேஷன். அவருக்கு நியூயார்க்கில் இருந்த சிலையை 2018-இல்தான் அகற்றினார்கள். பழகவே கூடாது என்று நான் சொல்லவில்லை, பழகாமல் டாக்டர் ஆக முடியாது. கேட்டுட்டுப் பழகு, சீனியர் பக்கத்தில் நிற்கப் பழகு என்கிறேன். மேசையில் படுக்க நம்ம பொம்பளை வேணும், கத்தியைப் பிடிக்க மட்டும் நம்ம பொண்ணு வேண்டாமா?

அதனால் தன்னம்பிக்கை வகுப்பெல்லாம் அப்புறம் நடத்துங்க. முதலில் தியேட்டர் ரிஜிஸ்டரை எடுங்க. தேதி, நோயாளி, என்ன ஆபரேஷன், வெட்டியது யார், அசிஸ்ட் பண்ணியது யார், எல்லாம் அதில் எழுதித்தான் வச்சிருக்காங்க. ஒவ்வொரு யூனிட்டிலும் மூணு வருஷத்துக்கு உட்கார்ந்து எண்ணுங்க: எந்தப் பி.ஜி.க்கு எத்தனை சிசேரியன், எத்தனை ஆயுதக் கேஸ், எத்தனை ரத்தப்போக்குக் கேஸ். பக்கத்திலேயே யார் எந்த ஒதுக்கீட்டில் வந்தார்கள் என்பதையும் எழுதி, அந்தத் தாளை லேபர் வார்டு வாசலில் ஒட்டுங்க. மாணவத் தோழர்கள் இதைக் கேட்டு மனு போடணும். தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கு.