பெயர் ஏறாத நிலம்

கேரளத்தில் சித்தூர் வட்டம் தனித்த இயல்புடையது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் வறண்ட காற்று, மாநிலத்தின் பிற பகுதிகளில் காணக் கிடைக்காத கரிசல் மண், வீட்டிலும் வயலிலும் ஒலிக்கும் தமிழ் ஆகியவை அதன் அடையாளங்கள். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, பெருமாட்டி, முதலமடை என நீளும் ஊர்களில் நெல்லும் நிலக்கடலையும் தென்னையும் மாவும் விளைகின்றன. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி வரவேண்டிய 7.25 டி.எம்.சி. தண்ணீர் எப்போது வரும், கோடை மழை பொய்க்குமா, காட்டுப்பன்றி இவ்வாண்டு எந்த வயலில் இறங்கும் என்பன இங்குள்ள உழவர்களின் அன்றாடக் கவலைகள். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி மட்டும் அவர்கள் பேச்சில் அரிதாகவே எழுகிறது.

உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு என்றதும் நாம் பூட்டையும் வேலியையும் நினைக்கிறோம். அவை வேண்டியவையே. ஆயினும் ஓர் உழவர் குடும்பத்தின் முதல் வேலி அரசின் பதிவேட்டிலும் வங்கியின் படிவத்திலும் எழுதப்பட்ட பெயர்தான் என்பது என் கருத்து. அந்தப் பெயர் சரியாக இல்லையென்றால், கைவசம் உள்ள நிலமும் சேமிப்பும் ஆபத்து வேளையில் உதவாமல் போகும்.

சித்தூரில் கிரயப் பத்திரத்தை ஆதாரம் என்கிறார்கள். நிலவரியைக் கரம் என்கிறார்கள். கரம் செலுத்துவோரின் பெயரில் கிராம அலுவலகம் பேணும் கணக்கு தண்டப்பேர். நிலம் கைமாறும்போது அந்தக் கணக்கில் பெயரை மாற்றுவது போக்குவரவு. தமிழ்நாட்டில் பட்டா மாறுதல் என்று சொல்வதற்கு ஏறத்தாழ இணையானது. விலைக்கு வாங்கிய நிலத்திற்குப் போக்குவரவு செய்துகொள்ள யாரும் மறப்பதில்லை. தந்தை மறைந்தபின் வாரிசுகளின் பெயரை ஏற்றுவதுதான் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது. மகன் உழுகிறார், கரமும் கட்டுகிறார். ரசீதோ தாத்தா பெயரிலேயே வருகிறது. ‘ஊருக்கே தெரியும், இது எங்கள் நிலம்’ என்ற நம்பிக்கையில் காலம் ஓடுகிறது.

ஊருக்குத் தெரிந்தது வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்திற்கும் தெரிய வேண்டுமானால் காகிதம் பேச வேண்டும். கிசான் கடன் அட்டையின்கீழ் 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை பிணை இல்லாமல் கடன் தரலாம். பிணை வேண்டாம் என்பதால் நில ஆவணமே வேண்டாம் என்று பொருளாகாது. விண்ணப்பிப்பவர் அந்த நிலத்தில் பயிர் செய்கிறார் என்பதற்குச் சான்று தேவை. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உழவர் செலுத்துவது காரீஃப் உணவுப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, ரபி பருவத்திற்கு 1.5 விழுக்காடு. ஒரு வயலில் மட்டும் நேரும் இயற்கைச் சேதத்தை 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். பயிர் நீரில் சாய்ந்து கிடக்கும் அந்த மூன்று நாளில் தாத்தாவின் மரணச் சான்றிதழைத் தேடத் தொடங்குவது காலம் கடந்த முயற்சி.

தாமதத்திற்கு விலையும் உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் நிலை வாரிசுகளில் மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோருடன் தாயும் அடங்குவார். ஒரு தலைமுறையில் நான்கு பேர் சேர்ந்து கையொப்பமிட்டால் முடிந்திருக்கும் வேலைக்கு, அடுத்த தலைமுறையில் பதினைந்து பேரைத் தேட வேண்டியிருக்கும். ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் திருப்பூரில், ஒருவர் வளைகுடா நாட்டில் என்று சிதறியபின் அந்தப் பதினைந்து கையொப்பங்களைத் திரட்டுவது அறுவடையைவிடக் கடினம். இடையில் விடுபடுவது பெரும்பாலும் கட்டிக்கொடுத்த மகளின் பெயரும் கணவனை இழந்த மருமகளின் பெயரும்தான். நிலம் இருந்தும் பாதுகாப்பின்றி வாழ்பவர்களில் இவர்களே முதலில் நிற்கிறார்கள்.

‘பெரியவர் போன கையோடு சொத்துப் பேச்சை எடுத்தால் குடும்பம் பிரிந்துவிடும்’ என்பார்கள். இந்த அச்சம் மதிக்கத்தக்கது. ஆனால் பெயர் ஏற்றுவது வேறு, பாகம் பிரிப்பது வேறு. எல்லா வாரிசுகளின் பெயரையும் கூட்டாகப் பதிந்துகொண்டு, நிலத்தைப் பிரிக்காமலேயே ஒன்றாக உழலாம். பதிவேட்டில் ஏறும் பெயர் புதிய உரிமையை உண்டாக்குவதில்லை. இருக்கும் உரிமையை வெளியே காட்டுகிறது. உள்ளதை எழுதிவைத்த குடும்பங்களைவிட எழுதாமல் விட்ட குடும்பங்களே பின்னாளில் நீதிமன்றம் ஏறுகின்றன.

சொந்த நிலமில்லாமல் பிறர் நிலத்தைப் பாட்டத்திற்கு எடுத்து உழுபவர் நிலை இன்னும் கடினமானது. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1 முதல் முழு வீச்சில் நடைமுறைக்கு வந்தபோது, உழுத குத்தகையாளருக்கு நிலத்தில் உரிமை கிடைத்தது. புதிய குத்தகைகள் தடை செய்யப்பட்டன. பெரும் நன்மை செய்த சட்டம் அது. ஆனால் குத்தகை முற்றிலும் மறைந்துவிடவில்லை. வாய்மொழி ஏற்பாடாக ஒளிந்துகொண்டது. எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடுமோ என்று உடைமையாளர் அஞ்சுகிறார். எழுத்து இல்லாததால் உழுபவருக்குக் கடனும் காப்பீடும் எட்டாமல் போகின்றன. நிலப் பிணை இல்லாத உழவர்களைக் கூட்டுப் பொறுப்புக் குழுக்களாகச் சேர்த்துக் கடன் தரும் முறையை நபார்டு வங்கி ஊக்குவித்து வருகிறது. சித்தூர் போன்ற பகுதிகளில் வங்கிக் கிளைகள் இவ்வழியை இன்னும் அகலமாகத் திறக்க வேண்டும்.

இனி, உயிரின் பாதுகாப்பு. தென்னையில் ஏறிக் கள் இறக்குபவருக்கும், இருட்டில் வரப்பில் நடந்து மடை திறக்கச் செல்பவருக்கும் விபத்து அயலான செய்தி அன்று. பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவின் ஆண்டுக் கட்டணம் 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் மரணம் நேர்ந்தால் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். பாம்புக் கடியும் மரத்திலிருந்து விழுவதும் இதில் அடங்கும். அத்தகைய நிகழ்வுகளில் உடனடி மருத்துவமனைப் பதிவே காரணத்திற்குச் சான்றாகும். ஆகவே நாட்டு வைத்தியத்தோடு நிறுத்தாமல் மருத்துவமனைக்குச் செல்வது உயிரைக் காப்பதுடன் குடும்பத்தின் உரிமையையும் காக்கும். எக்காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் தரும் ஜீவன் ஜோதி பீமா யோஜனாவுக்கு ஆண்டுக்கு 436 ரூபாய். சேரும் வயது 18 முதல் 50 வரை. இரண்டின் காப்பீட்டு ஆண்டும் ஜூன் 1 அன்று தொடங்குகிறது. மே மாத இறுதியில் கணக்கில் இருப்பு இல்லையெனில் பாதுகாப்பு அற்றுப்போகும். கல்விக் கட்டணமும் விதைச் செலவும் கணக்கைக் காலியாக்கும் மாதமும் அதுவே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

காப்பீடு இருந்தும், அதைப் பெறுபவர் பெயர் இல்லாவிட்டால் குடும்பம் அலைய வேண்டும். இங்கும் கேள்வி பெயரைப் பற்றியதே. 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குகளுக்கு நான்கு பேர் வரை நியமனதாரராகக் குறிக்கலாம். யாருக்கு எத்தனை விழுக்காடு என்றும் வகுக்கலாம். நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே. மற்ற வாரிசுகளின் உரிமை அதனால் அழிவதில்லை. திருமணத்திற்கு முன் எழுதிய தாயின் பெயரே, அவர் மறைந்த பின்னும் கணக்கில் நிற்பது உண்டு. பத்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்படுகிறது. உரியவர் பின்னர் வந்து கேட்டால் அது திரும்பக் கிடைக்கும் என்றாலும், அப்படியொரு கணக்கு இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியாவிட்டால் யார் வந்து கேட்பது?

ஆவணங்களை வைக்கும் இடமும் கவனத்திற்குரியது. 2020 ஆகஸ்ட் 6 இரவு இடுக்கி மாவட்டத்தின் பெட்டிமுடியில் நிலச்சரிவு தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பை மூடியபோது 70 பேர் பலியானார்கள். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். வீடே மண்ணுக்குள் போகும் பேரிடரில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் காகிதம் மட்டும் தப்பும் என்று எதிர்பார்க்க இயலாது. ஆதாரத்தின் சான்றிட்ட நகலைப் பதிவு அலுவலகத்தில் பெற்று உறவினர் வீட்டிலோ வங்கிப் பெட்டகத்திலோ வைப்பதும், அடையாள ஆவணங்களை டிஜிலாக்கரில் சேமிப்பதும் சிறு செலவில் ஆகும் காரியங்கள்.

இவ்வளவும் வாடிக்கையாளரின் கடமை என்று சொல்லி ஒதுங்குவது நேர்மையாகாது. தமிழில் படித்து வளர்ந்த ஒருவர் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் உள்ள படிவங்களின் முன் தயங்குவது இயல்பு. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் அரசு அலுவலகங்களோடு தமிழில் எழுத இடம் தருகிறது. அதே பரிவை வங்கிகளும் காட்ட வேண்டும். நியமனப் படிவமும் காப்பீட்டு விண்ணப்பமும் எல்லைப்புறக் கிளைகளில் தமிழிலும் கிடைக்கட்டும். கடன் கேட்டு வருபவரிடம் ஆவணக் குறையைச் சுட்டித் திருப்பி அனுப்புவதோடு நில்லாமல், அதைச் சரிசெய்ய எந்த அலுவலகத்தில் எந்தச் சான்றுகளோடு விண்ணப்பிக்க வேண்டும் என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதித் தருவதும் எங்கள் பணியின் பகுதியே.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கரம் கட்டும்போது ரசீதில் தொகையைப் பார்ப்பதற்கு முன் பெயரைப் பாருங்கள். மறைந்தவரின் பெயர் இருந்தால், அடுத்த விதைப்புக்குள் கிராம அலுவலகத்தில் போக்குவரவு விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.