ஸ்டியரிங் கியரை ஏன் பிடுங்கினீர்கள்?

போன மாதம் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் ரத்தச் சிவப்பில் ஒரு வண்டி. பட்டையான டயர், பளபள அலாய் வீல். மூக்கை மட்டும் பார்த்தால் பிரீமியர் பத்மினி. மற்றபடி, சினிமாவில் வில்லனின் அடியாட்கள் வந்து இறங்குவார்களே, அந்த ரகம்.

"அண்ணே, இன்ஜின் மாத்தியாச்சு. ஃப்ளோர் கியர், பவர் விண்டோ எல்லாம் போட்டாச்சு. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க, சும்மா பறக்கும்!" என்றான் பெரியப்பா பையன். எனக்குத் தம்பி முறை.

உள்ளேயிருந்து பெரியம்மா வந்தார். வயது எழுபத்தெட்டு. "நீயாவது கேளுப்பா. உங்க பெரியப்பா காரை என்ன பண்ணி வெச்சிருக்கான்னு."

கேட்டேன். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. பரவாயில்லை, இங்கேயும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ.சி.ஆர். பக்கம் போனால், இப்படி வேஷம் கட்டிய அம்பாசிடர்களையும் பத்மினிகளையும் நீங்களும் பார்க்கலாம்.

அது 1981 மாடல். க்ரீம் கலர். 1089 சி.சி. இன்ஜின். காருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. முன்னால் சோபா மாதிரி ஒரே நீள சீட். கியர் கம்பி ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதனால் தரையில் எதுவும் இடிக்காது. பெரியப்பா ஓட்ட, பெரியம்மா ஜன்னலோரம் உட்கார, நடுவில் நான். முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டால் காற்று முகத்தில் அறையும். ஏ.சி.யாவது ஒண்ணாவது!

இப்போது அங்கே தனித்தனியாக இரண்டு பக்கெட் சீட். நடுவில் ஒரு கியர் கம்பி. மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. மூன்று லட்சத்துக்கு மேல் செலவழித்து ஒரு சீட்டைக் குறைத்திருக்கிறான் தம்பி.

"என் கார், என் காசு, உங்களுக்கென்ன?" என்பார்கள். நான் பி.காம். படித்தவன், காசிலிருந்தே வருகிறேன். தேய்மானக் கணக்கில் எழுதிக் கழித்த மதிப்பு முறை என்று ஒன்று உண்டு. வருஷத்துக்கு 15 சதவீதம் கழித்தால், நூறு ரூபாய் கார் பதினைந்து வருஷத்தில் எட்டே முக்கால் ரூபாய்க்கு வந்துவிடும். முப்பது வருஷத்தில் முக்கால் ரூபாய். ஆனால் பூஜ்யம் ஆகவே ஆகாது. அந்த முக்கால் ரூபாய்க்கு மறுபடி விலை ஏறுவது ஒரே ஒரு காரணத்தால்தான். மற்றவர்கள் எல்லாம் தங்கள் வண்டியைச் சிதைத்திருப்பார்கள், உங்களுடையது மட்டும் அப்படியே இருக்கும். பத்மினி இனிமேல் வரப்போவதில்லை. அம்பாசிடர் உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது. இருப்பு குறைந்துகொண்டே போகிற சரக்கை அறுத்துப் போடுகிறவனை எந்த ஊரில் வியாபாரி என்பார்கள்?

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இன்ஜினை மாற்றவும் அனுமதி வேண்டும். 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை உள்ளே. தம்பி வண்டியில் எத்தனை மாற்றம் என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

2021-ல் பழைய வண்டிகளுக்கென்றே தனி விதி வந்தது. 50 வயது தாண்டிய கார் விண்டேஜ். 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர். தினமும் ஓட்ட முடியாது என்பது வேறு விஷயம். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தக் கௌரவம் கிடையாது. பெரியப்பாவின் கார் 2031-ல் அந்த வரிசையில் நின்றிருக்கும். இனி நிற்காது.

"பழைய பிரேக்கை வெச்சுக்கிட்டு உயிரை விடச் சொல்றீங்களா?" என்று தம்பி மடக்கினான். நல்ல கேள்விதான். ஆனால் அந்த டிரம் பிரேக், அந்த இன்ஜினின் வேகத்துக்காக அளந்து வைத்தது. சரியாக அட்ஜஸ்ட் செய்தால் அந்த வேகத்துக்குப் பிடிக்கும். இன்ஜின் பலத்தை இரட்டிப்பாக்கிவிட்டு, பிரேக் பழசு என்று புலம்பினால்? சரி, பிரேக்கையும் மாற்றினாயா என்று கேட்டேன். "அது அடுத்த பட்ஜெட்டுல, அண்ணே" என்றான்! பட்டை டயர் போட்டதில் ஸ்டியரிங் வேறு கல் மாதிரி கனக்கிறது. ஒன்றை மாற்றினால் இன்னொன்று உதைக்கும்.

நான் ஒன்றும் மடி ஆசாரம் பார்க்கிறவன் இல்லை. சீட் பெல்ட் மாட்டுங்கள், மாட்டியே ஆகவேண்டும். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் போடுங்கள். பங்க்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் சீலும் அதைத் தாங்காது. அதைத் தாங்குகிற ரகமாக மாற்றுங்கள். மே மாத வெயிலில் ஏ.சி. வேண்டுமென்றால் டாஷ்போர்டை வெட்டாமல் கீழே தொங்கவிடுங்கள். நாளைக்குக் கழற்றினால் பழைய கார் திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான் என் நிபந்தனை. துணி போட்டு மூடி, ஓட்டாமலே பூஜை செய்கிறவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. அதை இன்னொரு வாரம் வைத்துக்கொள்வோம்.

"ஸ்பேர் கிடைக்கலை சார்" என்று மெக்கானிக் சொன்னாராம். தேட சோம்பல் என்று அர்த்தம். கார்புரேட்டரை ஸ்க்ரூ டிரைவரும் காதும் வைத்தே சரிசெய்கிற மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் ஒரிஜினல் வண்டி வருவதே குறைந்துவிட்டது. வேலை வராவிட்டால் தொழிலை யாருக்குச் சொல்லித் தருவார்கள்?

கழற்றிய சாமானெல்லாம் எங்கே என்றேன். வொர்க்‌ஷாப்பிலேயே எடைக்குப் போட்டுவிட்டார்களாம், இன்ஜின் உட்பட.

மறுவாரம் புதுப்பேட்டைக்குப் போனேன். நாலாவது கடையில், எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு பத்மினி ஸ்டியரிங் கியர் கம்பி கிடைத்தது. கடைக்காரர், "எந்த வருஷத்து வண்டி சார்?" என்று அக்கறையாக விசாரித்தார். வாங்கி, பேப்பரில் சுற்றி, பெரியம்மாவிடம் கொடுத்தேன். அலமாரியில் வைத்திருக்கிறார். தம்பி இன்னும் கேட்கவில்லை.