ஆறே போதும்

"ஆயிரத்து ஐந்நூறு! ஒன்பதாயிரம் வேண்டாம், ஆயிரத்து ஐந்நூறே போடுங்க!"

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பிளவக்கல் பெரியாறு அணைக்குக் கீழே ரோட்டோரம் நின்று நான் இப்படித்தான் கத்திக்கொண்டிருந்தேன். மலையை ஒட்டி வந்துவிட்டால் போனில் சிக்னல் ஒரு கோடுதான். தலையைத் திருப்பினால் அதுவும் போய்விடும். சைக்கிளில் போன ஒரு பெரியவர் காலை ஊன்றி நின்றார்.

"தேங்காயா தம்பி?"

"இல்லைங்கய்யா."

"பின்ன என்ன, மாங்காயா? ஒன்பதாயிரத்துல இருந்து ஆயிரத்து ஐந்நூறுக்கு இறங்குதீங்க!"

அவருக்கு என்ன பதில் சொல்வது? நான் இறக்கிக்கொண்டிருந்தது விலையை அல்ல. ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லின் சர்வர் அறையில், இரண்டு சர்வர்களுக்கு இடையே போகும் தகவல் பொட்டலத்தின் அளவை. ஒன்பதாயிரம் பைட் என்று முந்தைய ராத்திரி நானே ஏற்றிவிட்டு வந்திருந்தேன். அதனால் மில்லின் பேக்கப் முழுவதும் நின்றுபோயிருந்தது.

கதை சனிக்கிழமை தொடங்குகிறது. மில்லின் கணக்கு, நூல் இருப்பு, ஆர்டர் எல்லாம் ஒரு சர்வரில் இருக்கின்றன. தினமும் ராத்திரி சுமார் 2 டெராபைட் தகவல் அங்கிருந்து பக்கத்து ரேக்கில் இருக்கும் இன்னொரு சர்வருக்கு நகலாக வேண்டும். பழைய ஒரு ஜிகாபிட் இணைப்பில் இதற்கு ஐந்து மணி நேரம். காலை ஷிப்ட் தொடங்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். "பத்து ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு போட்டுடலாம் சார், அரை மணியில முடிஞ்சுடும்" என்று வாயை விட்டவன் நான்தான்.

கார்டு மாட்டுவதைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் அது ஸ்க்ரூ டிரைவர் வேலை. மூடியைக் கழற்று, நீள வாய் உள்ள ஸ்லாட்டில் அழுத்து, கேபிளைச் செருகு. பச்சை விளக்கு எரிந்தால் வீட்டுக்குப் போகலாம். எனக்கு அந்தப் பச்சை விளக்கின் மேல் எப்போதுமே சந்தேகம் உண்டு. இருந்தும் அன்றைக்கு அதை நம்பினேன்.

நூற்பு மில்லில் வேறொரு எதிரியும் உண்டு: பஞ்சுத் தூசி. சர்வர் அறைக்குத் தனிக் கதவு, தனி ஏசி எல்லாம் இருக்கிறது. ஆனாலும் எப்படியோ வந்து ஃபேன் வலையில் வெள்ளை மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். வேகமான கார்டுகள் சூடானவை. சர்வருக்குள் ஓடும் காற்றை நம்பித்தான் அவற்றைச் செய்கிறார்கள். ஃபைபர் நுனியில் தூசி படிந்தால் கேட்கவே வேண்டாம். ஒற்றைப் பாதை ஃபைபரில் ஒளி போகும் நடுத்தண்டின் குறுக்களவு சுமார் 9 மைக்ரான். குறுகிய தூரத்துக்கு நாங்கள் போடும் வகையில் 50. ஒரு பஞ்சு இழை அதன் மேல் படுத்தால், ஆற்றுக்குக் குறுக்கே ஆலமரம் விழுந்த மாதிரிதான். ஆகவே நுனியைத் துடைத்தேன், ஃபேன் வலையைத் துடைத்தேன், இரண்டு இழைகளில் அனுப்புவது எது வாங்குவது எது என்று பார்த்து மாற்றிச் செருகினேன். விளக்கு எரிந்தது. திரையில் 10,000 மெகாபிட் என்று காட்டியது.

அளந்து பார்த்தேன். 6.2 ஜிகாபிட் வந்தது.

பத்துக்குப் பணம் வாங்கிவிட்டு ஆறு கொடுத்தால் தூக்கம் வருமா? பொட்டலம் சிறியதாக இருப்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. 1973-இல் பாப் மெட்கால்ஃப் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஈதர்நெட்டை யோசித்தபோது அதன் வேகம் நொடிக்கு 3 மெகாபிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. 1980-இல் மூன்று நிறுவனங்கள் சேர்ந்து பொது வரையறை வகுத்தபோது ஒரு பொட்டலத்துக்குள் அதிகபட்சம் 1500 பைட் என்று வைத்தார்கள். வேகம் ஆயிரம் மடங்குக்கு மேல் ஏறியும் அந்த 1500 அப்படியே இருக்கிறது. பத்து ஜிகாபிட் இணைப்பு நிறைந்து ஓடினால் நொடிக்கு எட்டு லட்சத்துக்கு மேல் பொட்டலங்கள். ஒவ்வொன்றையும் பிரித்து, பார்த்து, எடுத்து வைக்கும் சுமை சர்வருக்கு. பொட்டலத்தை 9000 ஆக்கினால் எண்ணிக்கை சுமார் 1,38,000 ஆகக் குறையும். எனவே இரண்டு சர்வரிலும் 9000 என்று மாற்றினேன், பிங் அடித்தேன், பதில் வந்தது. ராத்திரி ஒரு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினேன்.

இரண்டு சர்வருக்கும் நடுவில் இருந்த நெட்வொர்க் ஸ்விட்ச்சை மறந்துவிட்டேன்.

அதில் அளவு 1500-ஆகவே கிடந்தது. பிங் போன்ற சின்னப் பொட்டலம் எதுவும் தடையில்லாமல் போகும். இரண்டு சர்வர்களும் ஒன்றையொன்று கூப்பிட்டு, வணக்கம் சொல்லி, கை குலுக்கிக்கொள்ளும். சரக்கு ஏற்றிய பெரிய பொட்டலம் புறப்பட்டதும் ஸ்விட்ச் ஒரு வார்த்தை பேசாமல் அதைத் தூக்கிப் போட்டுவிடும். யாருக்கும் தகவல் கிடையாது. பிங்கையே 8972 பைட் வைத்து, உடைக்கக் கூடாது என்ற கட்டளையோடு அடித்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். தலைப்புக்கான 28 பைட்டையும் சேர்த்தால் சரியாக ஒன்பதாயிரம். இதை நானே பலருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

இப்படித்தான் ஞாயிறு காலை அணைக்குக் கீழே ஏலம் விட நேர்ந்தது.

என் மாமா மகன் வத்திராயிருப்புக்குக் கிழக்கே விவசாயம் பார்க்கிறான். கண்மாய்ப் பாசனம், அதிலும் கடைமடை. பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். பெரியாறு அணை நிறைய 47 அடிச் சொச்சம். மேற்கு மலையில் பெய்தால் சில மணி நேரத்தில் மட்டம் ஏறிவிடும். அன்றைக்கு அதைப் பார்க்கத்தான் என்னைக் கூட்டி வந்திருந்தான். பக்கத்திலுள்ள கூமாப்பட்டி 2025-இல் இன்ஸ்டாகிராமில் புகழ் பெற்ற பிறகு அணையைப் பார்க்க வெளியூர்க்காரர்களும் வருகிறார்கள். அவர்கள் பார்ப்பது தண்ணீரை, இவன் பார்ப்பது அளவுகோலை.

"என்ன மாப்ள, மில்லுல பிரச்சினையா?"

"பத்து வரணும் மச்சான், ஆறுதான் வருது."

"ஆறு வந்தா நல்லதுதானே" என்றான், அணையைப் பார்த்துக்கொண்டே.

வழக்கம்போல நான் தண்ணீர் உவமையை எடுத்தேன். கார்டு என்பது ஷட்டர், கேபிள் என்பது கால்வாய், ஷட்டர் எவ்வளவு அகலமாக இருந்தாலும் கால்வாயில் குறுகிய இடம் எதுவோ அதுதான் அளவு. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் சொல்லும் உவமை. அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"கால்வாய் கொள்ளாத தண்ணி எங்க போகும்?"

"கார்டுல ஒரு சின்னத் தொட்டி இருக்கும். அது நிறைஞ்சா மீதியக் கொட்டிரும்."

"கண்மாய் நிறைஞ்சா மறுகால் பாஞ்சு அடுத்த கண்மாய்க்குப் போகும். உன்னோடது எங்க போகும்?"

"எங்கயும் போகாது. காணாமப் போயிரும். வாங்குறவன் 'இது வரலையே'ன்னு கேட்பான். அனுப்புனவன் மறுபடி அனுப்புவான்."

"போன தண்ணியத் திரும்ப அனுப்புவானா! அப்ப அது தண்ணி இல்ல மாப்ள, வேற என்னமோ."

உண்மைதான். இந்த உவமையை இத்தனை வருஷம் நான் சொல்லி வந்ததில் பாதி பொய். தண்ணீர் தேங்கினால் கண்ணுக்குத் தெரியும், கரை கசியும், ஊர் கூடும். பொட்டலம் தொலைவதோ சத்தமில்லாமல் நடக்கும். தொலைந்ததை மறுபடி அனுப்பியே நேரம் போகும், விளக்கு மட்டும் பச்சையாக மினுக்கும். நாமே போய்க் கேட்டால்தான் கார்டு தன் கணக்கைச் சொல்லும்: எத்தனை வந்தது, எத்தனை கொட்டியது என்று.

அவன் கேட்ட இன்னொரு கேள்வியும் சரியானது. "வந்து சேர்ந்தா அத்தனை பொட்டலத்தையும் பிரிக்கிறது யாரு, ஒரே ஆளா?" ஒரு காலத்தில் அப்படித்தான். பத்து மடையைத் திறந்து மூட ஒரே லஸ்கர் ஓடுவது மாதிரி, எட்டு கோர் உள்ள சர்வரில் ஒரு கோர் மட்டும் மூச்சு வாங்கும், மற்றவை வேடிக்கை பார்க்கும். இப்போதைய கார்டுகள் வரும் பொட்டலங்களைப் பல வரிசைகளாகப் பிரித்து ஒவ்வொரு கோரிடமும் கொடுக்கின்றன. ஆனால் ஒரே நகல் ஓட்டம் ஒரே வரிசையில்தான் போகும். அதைப் பிரிக்க முடியாது.

வேகம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் இரண்டு சங்கதிகள் உண்டு என்பதையும் அவனிடம் சொல்ல நினைத்தேன், சிக்னல் போன மாதிரி பேச்சும் எங்கோ போய்விட்டது. இங்கே எழுதுகிறேன். ஒன்று, எவ்வளவு பாய்கிறது. இன்னொன்று, முதல் துளி எப்போது வந்து சேர்கிறது. கடைமடைக்காரனுக்கு இரண்டாவதுதான் பெரிது. சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தின் இயற்பியலாளர்களுக்கும் அப்படித்தான் இருந்தது. 2004-இல் அவர்கள் கப்ரு என்ற கணினித் தொகுப்பைக் கட்டினார்கள். இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயர். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் அந்த ஆண்டே இடம்பிடித்தது. அதில் 144 சர்வர்கள். நடுவில் பெரிய ஸ்விட்ச் வைத்து எல்லாவற்றையும் அதில் கட்டவில்லை. 9, 4, 4 என்று முப்பரிமாண அடுக்காகப் பாவித்து, ஒவ்வொரு சர்வரிலும் டால்ஃபின் என்ற நார்வே நிறுவனத்தின் தனிவகை கார்டைச் செருகி, மேல், கீழ், இடம், வலம், முன், பின் என்று ஆறு பக்கத்து வீட்டாரோடு நேரடியாக இணைத்தார்கள். ஓரத்தில் இருப்பது எதிர் ஓரத்தோடு வளைந்து சேரும். கணக்குப் போட்டால் 432 இணைப்புகள். கேபிளை இழுத்து, எண் ஒட்டி, எது எங்கே என்று குழம்பாமல் முடித்தவர்களை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

ஏன் அந்தப் பாடு? அவர்கள் போட்ட கணக்கு வெளியையும் காலத்தையும் சின்னச் சின்னக் கட்டமாக வெட்டிப் போடுவது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்துக் கட்டத்தின் ஓரத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தாக வேண்டும். செய்தி சிறியது, ஆனால் ஓயாமல் போய்வர வேண்டும். மைக்ரோ நொடிகள் தாமதித்தாலும் 144 சர்வரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

இந்த மாதிரிக் கார்டுகளையும் நாமே செய்ய முடியும் என்று புனேயின் சி-டாக் என்ற அரசுக் கணினி ஆய்வு நிறுவனம் நெடுநாளாக முயன்றுவருகிறது. பரம்நெட் என்ற பெயரில் செய்தவற்றின் மூன்றாம் தலைமுறை, 2008-இல் வந்த பரம் யுவா சூப்பர் கம்ப்யூட்டரில் 10 ஜிகாபிட்டில் ஓடியது. இப்போது த்ரிநேத்ரா என்ற பெயரில் 100 ஜிகாபிட். திருச்சி என்.ஐ.டி.யில் 2022-இல் வந்த பரம் பொருள் இயந்திரத்துக்குள்ளும் சர்வர்களைக் கட்டிப்போடுவது இன்ஃபினிபேண்ட் என்ற வேக இணைப்புதான். ஆனாலும் சூப்பர் கம்ப்யூட்டர் என்றால் படத்தில் எல்லோரும் பிராசசரைத்தான் காட்டுவார்கள்.

மில்லுக்கு வருவோம். திங்கள் ராத்திரி மறுபடி மூடியைக் கழற்றினேன். இந்தமுறை கார்டைக் கேட்கவில்லை, ஸ்லாட்டைக் கேட்டேன். லினக்ஸில் ஒரு கட்டளை போட்டால் கார்டுக்குத் தகுதி என்ன, கிடைத்தது என்ன என்று இரண்டு வரி வரும். தகுதி: வேகம் 5, எட்டு லேன், அதாவது தகவல் போக எட்டுத் தடம். கிடைத்தது: வேகம் 2.5, நான்கு லேன். ஸ்லாட்டின் வாய் எட்டு லேனுக்கு நீளமாக இருக்கிறது, உள்ளே கம்பி நான்குக்குத்தான், அதுவும் முதல் தலைமுறை. லேனுக்கு நொடிக்கு 250 மெகாபைட், நான்கு சேர்ந்தால் ஆயிரம், அதாவது 8 ஜிகாபிட். உறையும் முகவரியும் தின்றது போக மிச்சம் ஆறு சொச்சம். சர்வரின் கையேட்டில் ஒரு சின்ன அட்டவணையில் இதெல்லாம் அச்சாகியே இருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

நல்ல ஸ்லாட்டில் டேப் டிரைவுக்கான பழைய கார்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. டேப் டிரைவை அந்த மில்லில் பார்த்தே பல வருஷம் ஆகிறது. அதைக் கழற்றி, நம் கார்டை அங்கே மாற்றி, பொட்டல அளவை 1500-லேயே விட்டு அளந்தேன். 9.4. தலைப்புகள் போக அந்த அளவுக்கு மேல் வரவே வராது. சிஸ்டம் பார்க்கும் தம்பி திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

பிறகு பேக்கப்பை ஓடவிட்டோம். ஐந்து மணி நேர வேலை இரண்டே கால் மணியில் முடிந்தது. அரை மணி எங்கே என்று கணக்குப் பார்த்தால், நகல் போய் விழும் சர்வரில் இருப்பவை பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்குகள். எல்லாம் சேர்ந்தும் நொடிக்கு 250 மெகாபைட்தான் எழுதும். அதாவது 2 ஜிகாபிட்.

மறுநாள் மாமா மகன் போன் செய்தான். கண்மாய்க்குத் தண்ணீர் திறந்துவிட்டார்களாம், அவன் வயலுக்கு முறை வர இன்னும் நாளாகுமாம்.

"உன் பத்து வந்துச்சா மாப்ள?"

"ஒன்பதரை வந்துச்சு. ஆனா டிஸ்க்கு ரெண்டுதான் குடிக்குது."

கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அப்ப அன்னைக்கு வந்த ஆறே போதுமே?"