சம்பளச் சீட்டு இல்லாத நமக்கும் வீட்டுக் கடன்



தெமட்டகொடையில் எங்கள் ஒழுங்கையில் இடியப்பம் அவித்தும் தையல் தைத்தும் குடும்பம் நடத்தும் பெண்கள் பலர். போரில் வீடிழந்து வந்தவர்களும் உண்டு. வீட்டுக் கடன் கேட்டுப் போனால் முதற் கேள்வி, "சம்பளச் சீட்டு எங்கே?" அன்றாடம் வரும் காசுக்கு யார் சீட்டுத் தருவார்?

1989இல் கொழும்பின் வசதி குறைந்த குடியிருப்புப் பெண்கள் சிறு குழுக்களாகக் கூடிச் சேமிக்கத் தொடங்கினர். அதுவே மகளிர் வங்கியாக வளர்ந்தது. ஒழுங்கான சேமிப்பும் குழுவினரின் பொறுப்புமே அங்கு பிணை. சிறு கடனை அடைத்தவர்கள் படிப்படியாக வீட்டுக்கும் கடன் பெற்றனர்.

நாமும் இன்றே ஆயத்தமாகலாம். தினமும் வரவு செலவைக் கொப்பியில் எழுதுங்கள். வாரந்தோறும், சிறு தொகையானாலும், உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள். தொழிலைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். மின்சார, தண்ணீர்ப் பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். காணி உறுதி யார் பெயரில் உள்ளதென்று முன்கூட்டியே பாருங்கள். ஒரு வருடம் இப்படிச் செய்தால், உங்கள் உழைப்புக்கு எழுத்தில் சாட்சி இருக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள்: வியாபாரம் படுத்த மாதத்தில் எவ்வளவு கட்ட முடியுமோ, அதுவே உங்கள் தவணை. நல்ல மாதத்தை நம்பிக் கையொப்பமிட வேண்டாம்.