பெட்டி கட்டச் சொல்பவரே செலவை ஏற்கட்டும்

சிறுசேரியில் வேலை பார்க்கும் மென்பொருள் ஊழியரை பெங்களூருவுக்கு மாற்ற நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும். வீட்டில் நடப்பது வேறு. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் வீட்டுக்காரர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். துணைவரும் வேலைக்குப் போகிறவர் என்றால், ஒரு வேலை போக வேண்டும். இல்லையேல் குடும்பம் இரண்டாக வேண்டும். தமிழில் எழுதப் பழகிய மூன்றாம் வகுப்புப் பிள்ளை, கன்னட எழுத்துகளை முதலிலிருந்து தொடங்கும். இரண்டு ஆண்டு கழித்து ஹைதராபாத் என்றால் தெலுங்கு. மாநில மொழியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2006இலும், கர்நாடகத்தில் 2015இலும், தெலங்கானாவில் 2018இலும் வந்தது. அந்தச் சட்டங்களில் தவறில்லை. நவம்பர் மாதத்தில் மாற்றல் உத்தரவு போடுவதுதான் தவறு. லாரி வாடகையைக் கொடுத்ததோடு தன் கடமை தீர்ந்ததாக நினைக்கிறது மனிதவளத் துறை.

தாமாகவே வேலை மாறுபவர்களைப் பணத்தாசை பிடித்தவர்கள் என்று ஏசுவது எளிது. அதே நிறுவனத்தில் இருந்தால் சொற்ப ஊதிய உயர்வு, வெளியேறினால் கணிசமான உயர்வு என்ற கணக்கைப் போட்டது ஊழியர் அல்ல. அந்த உயர்வும் சும்மா வருவதில்லை. 90 நாள் நோட்டீஸ் பீரியட், ரிலீவிங் லெட்டருக்கான அலைச்சல், புதிய குழுவில் மறுபடி தன்னை நிரூபிக்கும் பாடு. யாரோ எழுதிவிட்டுப் போன நிரலை இரவெல்லாம் விழித்துப் புரிந்துகொள்ள வேண்டும்; அதை எழுதியவர் இந்நேரம் வேறெங்கோ நோட்டீஸ் பீரியடில் இருப்பார்.

சட்டமும் கைகொடுக்கவில்லை. பணிக்கொடை பெற ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்ற வேண்டும் என்றது 1972ஆம் ஆண்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், குறித்த கால ஒப்பந்த ஊழியருக்கு ஓராண்டிலேயே அந்த உரிமையைத் தருகிறது. 'நிரந்தர' ஊழியருக்கோ ஐந்தாண்டு நிபந்தனை அப்படியே நிற்கிறது. மூன்றாண்டுக்கு ஒரு நிறுவனம் என இருபது ஆண்டு உழைத்தவருக்குச் சட்டப்படி வர வேண்டிய பணிக்கொடை ஒரு ரூபாய்கூட இல்லை. இது அநீதி.

ஐடி நிறுவனங்களுக்குத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து விலக்கு இல்லை என்று தமிழ்நாடு அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. சொன்னதைச் செயலில் காட்டட்டும். கல்வியாண்டின் நடுவில், ஊழியரின் ஒப்புதலின்றி வெளிமாநில மாற்றல் கூடாது. வீட்டு அட்வான்ஸும் புதிய பள்ளிக் கட்டணமும் மாற்றல் செலவில் சேர வேண்டும். ஓராண்டுப் பணிக்கொடையை நிரந்தர ஊழியருக்கும் மத்திய அரசு விரிவுபடுத்த வேண்டும். இந்தத் திருத்தத்தை நாடாளுமன்றத்தில் தமிழக உறுப்பினர்கள் கட்சி பாராமல் கேட்க வேண்டும்.